மேற்குக் கோடியில் நீ கேட்ட சத்தம்

எங்கள் தெருவில் கேபிள் புதைக்கிறார்கள். கறுப்புக் கேபிள் சுற்றிய பெரிய மரச்சக்கரம் ஒன்றை என் வாசலுக்கு எதிரே உருட்டி நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பங்குனி வெயிலில் அந்த ரப்பர் உறை காய்ந்து, அதன் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். அந்த வாசனை வந்தால் எனக்கு உன் முகம் மட்டும்தான் நினைவுக்கு வரும். சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சோளக்காட்டு வரப்பில் கேபிளைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வருவாயே, அந்த முகம்.

நீ போய் இத்தனை வருடம் ஆகிவிட்டது. உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே சைஸ்மிக் பார்ட்டியில், பூமியதிர்வு ஆய்வுக் குழுவில், இருந்தோம். தரையில் துளை போட்டு, அடியில் வெடி வைத்து, அந்த அதிர்வு பூமிக்குள் எந்தெந்த அடுக்கில் பட்டுத் திரும்புகிறது என்று பதிவு செய்கிற வேலை. பதிவு வண்டி உன் பொறுப்பு. நீ கொண்டுவருவதை வரைபடமாக்குவது என் பொறுப்பு. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பூமிக்குள் மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்த பெரிய படுகை இருக்கிறது. அதில் எண்ணெயோ வாயுவோ தங்கியிருக்கக்கூடிய இடங்கள் எவை என்று மேலிடம் கேட்டது. படுகையின் ஆழம் தெரியவேண்டுமென்றால் அது எங்கே முடிகிறது என்று தெரியவேண்டும். அது முடிகிற இடத்தைப் பிடிக்க, அது அறவே இல்லாத இடத்திலிருந்து கோடு போட்டுக்கொண்டு போகவேண்டும். அப்படித்தான் வெறும் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற உன் சொந்த ஜில்லாவுக்கு நம்மை அனுப்பினார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு ராஜு வீட்டில் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் தன் வீட்டாரோடு தெலுங்கில் பேசுவார், நம்மிடம் தமிழில் பெட்ரோல் விலை எப்போது குறையும் என்று கேட்பார். உன் வீடு பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவாய். கேட்டால், அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பாள் என்பாய்.

உன் காதைப் பற்றிப் பார்ட்டியில் எல்லோருக்கும் ஒரு வியப்பு உண்டு. ஜியோபோன் என்பது பூமியின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தருகிற சின்னக் கருவி. வரிசையாக மண்ணில் குத்திவைத்தால் ஒவ்வொன்றும் காகிதத்தில் ஒரு கோடு வரையும். மற்றவர்களுக்கு அந்தக் கோடுகள் போதும். நீ ஒரு பழைய ஹெட்போனை உன் கையாலேயே சால்டர் செய்து கேபிளில் இணைத்து, கோடுகளைக் காதாலும் கேட்பாய். சோழபுரம் பக்கம் வேலை செய்தபோது மில்லில் ஷிப்ட் மாறுவதை வண்டிக்குள் இருந்தபடியே சொன்னாய். எனக்கும் ஒருமுறை மாட்டிவிட்டாய். இரைச்சலைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீ சிரித்தாய்.

கோட்டின் மேற்குக் கோடி கூமாப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது. அன்று வெடி வண்டி வரவில்லை. வெடி வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் இயல்பாக என்னென்ன அதிர்வு இருக்கிறது என்று பார்க்கிற சோதனையை மட்டும் முடித்துவிடலாம் என்றாய். சுற்றுவட்டாரத்தில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை, ஒரு பம்புசெட்டும் ஓடவில்லை. கேபிள் ஆட்களை அசையாமல் உட்காரச் சொன்னோம். காற்றும் நின்றிருந்தது. நான் வண்டிக்கு வெளியே நிழலில் நின்றேன். உள்ளேயிருந்து நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். நீ எப்போதும் என்னை ‘ஏலே’ என்பவன். பெயரைச் சொன்னதால் உடனே உள்ளே வந்தேன்.

காகிதத்தில் மற்றக் கோடுகள் அநேகமாக நேராகக் கிடந்தன. நடுவில் சில கோடுகளில் மட்டும் துடிப்பு. மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. காகிதம் ஓட ஓட அதுவும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

“யாரோ தட்டுதாக,” என்றாய்.

துடிப்பு அதிகமாகத் தெரிந்த ஜியோபோன்களைத் தேடி வரப்பில் நடந்தோம். அவை ஒரு கிணற்றை ஒட்டி இருந்தன. வெட்டி ஆழப்படுத்திக்கொண்டிருக்கிற கிணறு. ஓரத்தில் புங்க மரத்தடியில் அண்ணன் தம்பி இருவர் தூக்குவாளியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பெயர் குருசாமி, தம்பி மாடசாமி. கிணறு அவர்களுடையதுதான். உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டாய். யாரும் இல்லை என்றார்கள். நீ எட்டிப் பார்த்தாய், நானும் பார்த்தேன். காய்ந்த பாறையும், அடியில் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் குடைந்திருந்த ஒரு சுரங்கவாயும் தெரிந்தன. ஊற்றைத் தேடி அப்படிக் குடைவது அந்தப் பக்கத்து வழக்கம். மேற்கொண்டு கிழக்கே திருப்பிக் குடைவதா மேற்கே திருப்பிக் குடைவதா என்று தங்களுக்குள் இன்னும் தகராறு என்று குருசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீ கேட்டதை மறைக்காமல் சொன்னாய். கீழே ஏதோ சத்தம் வருகிறது, மேற்குப் பக்கம்தான் அதிகமாக இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை, பார்த்து இறங்குங்கள் என்றாய். குருசாமி சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

“தண்ணியா இருக்கும் சார். ஊத்து ஓடுற சத்தமா இருக்கும்.”

“தண்ணி இப்படித் தட்டாதுய்யா,” என்றாய். ஆனால் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து அதற்குமேல் நீ பேசவில்லை.  வண்டிக்கு வந்து பார்த்தால் கோடுகள் எல்லாம் அடங்கியிருந்தன.

மறுநாள் காலை கேபிள் விரித்துக்கொண்டிருந்தோம். ஊரே நம்மை நோக்கி வருவது போல ஒரு கூட்டம் வந்தது. முதலில் கோபமாகத்தான் வந்தார்கள். நாம் வெடி வைத்ததில் கிணறு சரிந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வெடிகூட இன்னும் இங்கே வைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ கிணற்றைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டாய்.

சுரங்கவாய் இருந்த இடமே தெரியவில்லை. மேலேயிருந்து பாறையும் மண்ணும் சரிந்து அடைத்திருந்தன. விடிந்ததும் அண்ணனும் தம்பியும் இறங்கினார்களாம். உள்ளே எவ்வளவு தூரம் குடைந்துபோனார்கள், எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று மேலே இருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. வாயை அடைத்த கல்லை எடுக்க எடுக்க மேலும் சரிந்தது. மேலேயிருந்து நேராகத் தோண்டலாம் என்றால் எங்கே தோண்டுவது என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள்.

பார்ட்டி சீஃபிடம் நீ அனுமதி கேட்கவில்லை, சொன்னாய். அவரும் மறுக்கவில்லை. கோட்டிலிருந்த ஜியோபோன்களைப் பிடுங்கிக்கொண்டுவந்து கிணற்றைச் சுற்றி நெருக்கமாகக் குத்தினோம். பிறகு நீ வண்டியின் படியில் ஏறி நின்று, யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது, அழக்கூடாது என்று கூட்டத்திடம் சொன்னாய்.

எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்ப்பது அந்த நேரத்தை நினைத்தால்தான். உச்சி வெயில். அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சில பெண்கள் தொலைவில் போய்விட்டார்கள். மாடுகளை அவிழ்த்து ஓட்டிவிட்டார்கள். ஒரு ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. குருசாமியின் மனைவி பேச்சியம்மாள். வண்டிக் கதவைப் பிடித்தபடி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீ ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அது வெளிறிப் போயிற்று.

“அவிய தட்டுதாகளா சார்?” என்று பேச்சியம்மாள் கேட்டாள். குரலே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

“கேக்குதும்மா. தட்டுறது கேக்கு,” என்றாய்.

மேற்குப் பக்கம், புங்க மரத்துக்கு அப்பால், யாரும் காட்டாத இடம் ஒன்றை நீ காட்டினாய். அவ்வளவு தூரமா குடைந்திருப்பார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். நீ பிடிவாதமாக நின்றாய். மேல்மண்ணும், அதற்கடியில் இற்றுப்போன பாறையும்தான், ஆழமும் அதிகமில்லை. நம் துளை போடுகிற ஆட்களும் ஊராரும் மாறி மாறித் தோண்டினார்கள். இடையிடையே நிறுத்தச் சொல்லி நீ கேட்டாய். வெயில் இறங்கும்போது கடப்பாரை உள்ளே நழுவியது.

மாடசாமியை உயிரோடு தூக்கினார்கள். ஒரு கை மட்டும் நசுங்கியிருந்தது. அவனுக்குப் பிறகு அவன் அண்ணனைத் தூக்கினார்கள். பேச்சியம்மாள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, நம் பக்கம் திரும்பி உன்னை ஒரு பார்வை பார்த்தாள். அழவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நம் ஜீப்பில்தான் இருவரையும் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு வந்து, பெரியவருக்கு முதல் சரிவிலேயே தலையில் பாறை விழுந்திருக்கிறது, அந்த நிமிஷமே போயிருப்பார், வேதனைப்பட்டிருக்க மாட்டார் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குள் மாடசாமிக்கு நினைவு தெளிந்து, கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல. அண்ணன்தான் தட்டிக்கிட்டே இருந்தான். மூணு தட்டு தட்டுவான், செத்த நேரம் நிப்பாட்டுவான். மேல நீங்க வெட்டுற சத்தம் கிட்ட வந்த பொறவுதான் விட்டான்.”

‘நீ தட்டினாயா?’ என்று மாடசாமியைக் கேட்டேன். கை மாட்டிக்கிடந்தது, அசையவே முடியவில்லை என்றான்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நீ நின்றிருந்தாய். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நம் சர்வேயர் தினமும் தூரத்தில் குறியாக வைத்துக்கொள்கிற அதே கோபுரம்தான். நான் வந்து நின்றது உனக்குத் தெரிந்ததும் திரும்பாமலே சொன்னாய்: “நேத்துக் கேட்டதும் இதேதாம்லே. அதே தட்டு. நேத்து ரெண்டு பேரும் மேல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக.”

அதற்கு நான் ஏதேதோ சொன்னேன். பாறை வெடிப்பதற்கு முன்னால் முறுகும், அப்போது சத்தம் வரும் என்றேன். வெயிலில் கல் விரிவதாக இருக்கலாம் என்றேன். நீ மறுக்கவில்லை. காகிதத்தை நானும் பார்த்தவன். பாறை அப்படி எண்ணி எண்ணித் தட்டாது என்று எனக்கே தெரியும்.

குருசாமியின் காரியம் முடிந்தபிறகு பேச்சியம்மாள் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு, நம் மாடிக்கே வந்தாள். துணைக்கு யாரும் இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அன்று அவர் உசுரோடு தட்டுகிறார் என்று சொன்னீர்களே, டாக்டர் வேறு சொல்கிறாரே, என் மனதைத் தேற்றப் பொய் சொன்னீர்களா என்று கேட்டாள்.  நீ நிதானமாகப் பதில் சொன்னாய்.

“பொய் சொல்லலம்மா. கேட்டதத்தான் சொன்னேன். தட்டுனது யாருன்னு எனக்குத் தெரியல.”

 அவள் சரி என்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். முதல் நாள் விஷயத்தை நீ அவளிடம் சொல்லவில்லை. அவள் தெருமுனை திரும்புகிறவரை மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, என்னிடம் மட்டும் சொன்னாய். நீ சத்தம் கேட்டதாகச் சொல்லாமல் இருந்திருந்தால் குருசாமி ஒருவேளை கிழக்கே குடைந்திருப்பார். நீ மேற்கு என்றாய், அவர் மேற்கே போனார். இதை நீ மறுபடி என்னிடம் சொன்னதில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு உன் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. எந்த இடத்திலும் முதல் வெடி வைப்பதற்கு முன்னால் ஆட்களை எல்லாம் உட்காரவைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பாய். முதுகுளத்தூர் தாண்டிக் கருவேலங்காட்டில், மண் தளர்ந்து எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடுகிற இடத்தில்கூட அப்படித்தான். ஆட்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் தலைகுனிந்து உட்காரப் பழகினார்கள். என்ன கேட்கிறது என்று நான் கேட்டதில்லை. ஒன்றுமில்லை என்று நீயே சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவாய்.

தொண்ணூறுகளில் இருவரும் சென்னை அலுவலகத்துக்கு வந்தோம். அத்தனை வருடப் பதிவுகளையும் சேர்த்து முழுப் படுகைக்கும் வரைபடம் தயாரிக்கிற வேலை. ஆழமான இடத்துக்கு ஒரு நிறம், மேடான இடத்துக்கு ஒரு நிறம், எண்ணெய்க்கோ வாயுவுக்கோ வாய்ப்பு அதிகம் என்றால் ஒரு குறி. குறி போடுவதில் எல்லோருக்கும் உற்சாகம், உனக்கு மட்டும் தயக்கம். ஒவ்வொரு குறிக்கும் எங்களைக் கேள்வியால் துளைத்துவிடுவாய். துணிச்சல் போய்விட்டது உனக்கு என்று பின்னால் பேசினார்கள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

“நாம சத்தம் கேட்டுதுன்னுதான் சொல்லுதோம்,” என்றாய். “கேக்குறவன் தண்ணின்னு எடுத்துக்கிடுதான், எண்ணெய்ன்னு எடுத்துக்கிடுதான். பொறவு எறங்குறது அவன்தான.”

அப்படிப்பட்ட நீ ஒப்புக்கொண்டு குறி போட்ட இடம் ஒன்றில் வாயு கிடைத்தது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். நீ போகவில்லை. எண்ணெய்க்குத் துளைப்பதையும் நாம் கிணறு என்றுதான் சொல்வோம். உன் வாயிலிருந்து மட்டும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘ஹோல்’ என்றே முடித்துக்கொள்வாய்.

படுகையின் மேற்கு எல்லையை வரைந்தபோது நமக்குள் ஒரு சண்டை வந்தது, நினைவிருக்கிறதா? கூமாப்பட்டிக் கோடியில் எடுத்த பதிவை இரைச்சல் என்று தள்ளிவிடலாம், பக்கத்துப் பதிவுகளே போதும் என்றேன். கூடாது என்றாய். விளக்கம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவது என்றேன். “தெரியலன்னு எழுது,” என்றாய். கடைசியில் அந்தப் பதிவையும் கணக்கில் சேர்த்து, அதன் ஓரத்தில் காரணம் தெரியாத அதிர்வு என்று எழுதி, நீயும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

நீ லீவில் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று உன் மனைவி போனில் சொன்னாள். நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் காரியம் முடிகிறவரை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்கினேன். முடிந்த மறுநாள் சென்னைக்குக் கிளம்பவேண்டியவன், ஏனென்று தெரியாமல் கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

கிணற்றை அடையாளம் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. புங்க மரம் பெருத்திருந்தது. அன்று நாம் மேலேயிருந்து தோண்டின இடமே இப்போது கிணறாகியிருந்தது. மாடசாமியைத் தூக்கிய குழியில் மறுவாரமே நீர் கசிந்ததாம், பிறகு வற்றவே இல்லையாம். சுற்றிலும் நெல் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அந்த இன்னொரு சார் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள்.

சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு நீ இத்தனை வருடமாகச் சொல்லாததையும் சொன்னேன். முதல் நாளே நீ அந்தத் தட்டலைக் கேட்டதையும், மேற்கே என்று அவரிடம் சொன்னதையும், அதை நினைத்து நினைத்து நீ மாறிப்போனதையும். அவள் கோபப்பட்டால் படட்டும் என்றுதான் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியுமே சார்,” என்றாள். “அன்னைக்குச் சாயங்காலமே அவிய வந்து சொன்னாக. பெட்ரோல் கம்பெனி சாருக்குக் காதுல கேட்டுச்சாம், கீழ தண்ணி நம்மளத் தட்டிக் கூப்பிடுதுட்டின்னு. அம்புட்டுச் சந்தோசம் அவியளுக்கு. கலியாணம் கட்டி வந்ததுல இருந்து அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. சார்கிட்ட இதச் சொல்லத்தான் அன்னைக்கு ராஜபாளையம் வந்தேன். சாரு மொகத்தப் பாத்ததும் சொல்ல வரல, வேற என்னத்தையோ கேட்டுட்டுப் போயிட்டேன்.”

 அவள் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். தினமும் இந்த நேரத்துக்கு மோட்டாரை நிறுத்திவிடுவாளாம், செத்த நேரம் இப்படி இருந்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பாளாம். நீர் விழுகிற சத்தம் ஓய்ந்தது. மலை பக்கத்தில் வந்துவிட்டது போல ஓர் அமைதி. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் மெல்ல இளகிக்கொண்டே வந்தது. நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. 

கண்ணைத் திறந்து, “கேட்டுச்சா சார்?” என்றாள்.

உன்னை நினைத்துக்கொண்டேன். “எனக்குக் கேக்கலம்மா,” என்றேன்.

“அந்த சாருக்குக் கேட்டுச்சுல்ல?”

“ஆமா. அவனுக்குக் கேட்டுச்சு.”

அது போதும் என்பது போல அவள் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்றபிறகும் சில நிறுவனங்கள் வரைபடங்களை அனுப்பி, இங்கே கீழே என்ன இருக்கும் என்று என்னைக் கேட்கின்றன. பார்த்துச் சொல்கிறேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன். ஆனால் ஒன்றுமில்லை என்று மட்டும் எந்த இடத்துக்கும் எழுத எனக்குக் கை வருவதில்லை. உங்கள் இருவருக்கும் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதானே. அவள் உன்னிடம் சொல்ல வந்து சொல்லாமல் போன சந்தோஷம் என்னிடம்தான் இருக்கிறது. அதை உன்னிடம் கொடுக்க எனக்கு இந்த மடலைத் தவிர வழியில்லை.